இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை ஆறு வாரம் வெளியே தங்க வைக்கலாமா? சேலத்துக்காரங்க சொல்லுங்க

பட்டறைவீட்டுப் பொண்ணு எழுதியது:

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து போன்ல அடிக்கிறேன்.

அம்மாவுக்கு 73 வயசு. சர்க்கரை 15 வருஷமா இருக்கு, பிரஷருக்கும் மாத்திரை. போன ஆடி வெள்ளி காலையில அஞ்சு மணிக்கு வாசல் தெளிக்கத் தண்ணி மோந்துட்டு வர்றப்ப குளியலறை வாசப்படியில வழுக்கி விழுந்துட்டாங்க. தம்பி எழுந்து வந்து பாக்கறப்ப சொம்பு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். "சுளுக்குடா, தைலம் தேச்சா சரியாயிடும்"னு சொல்லியிருக்காங்க. ஆனா வலது கால் இடது காலைவிடக் குட்டையாத் தெரிஞ்சுது, பாதம் வெளிப்பக்கமாத் திரும்பிக் கெடந்துச்சு. எக்ஸ்ரே எடுத்தா தொடை எலும்போட கழுத்து ஒடஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆபரேஷன். அந்த எலும்போட உச்சியில இருக்கற பந்தை எடுத்துட்டு உலோகப் பந்து வெச்சிருக்காங்க, அது உக்கார்ற இடுப்புக் கிண்ணம் அவங்களோடதேதான். மறுநாளே வாக்கரைக் குடுத்து நிக்க வெச்சாங்க. இப்ப நாலு எட்டு வைக்கறாங்க. வர்ற திங்கக்கிழமை டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்க.

பிரச்சனை வீடுதாங்க. நாங்க செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம். கீழ கொலுசுப் பட்டறை, மேல குடித்தனம். படி 17, நடுவுல ஒரு திருப்பம், ரெண்டு பேர் சேந்து ஏற முடியாது. கக்கூஸ் பழைய மாதிரி, குத்த வைக்கறது. கீழயே ஒரு கட்டிலப் போடலாம்னா கேஸ், ஆசிட் நெடி, நாலு பசங்க வேலை செய்யற எடம். தம்பி பொண்டாட்டிக்கு இடுப்புல டிஸ்க் பிரச்சனை, குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் கண்ணங்குறிச்சியில ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கேன், லிப்ட் கிடையாது. கூட்டுறவு சங்கத்துல வேலை, லீவு இன்னும் ஒம்பது நாள்தான் பாக்கி.

நியூ ஜெர்சியில இருக்கற சித்தி பையன் போன்ல, "அக்கா, பேசாம ஒரு நர்சிங் ஹோம்ல ஒன்றரை மாசம் விடு, இங்க எல்லாரும் அதான் பண்றாங்க"ன்னான். அவன் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இதே மாதிரி விழுந்து, ஆஸ்பத்திரியில இருந்து நேரா ஒரு எடத்துக்கு அனுப்பி, நடக்க வெச்சு வீட்டுக்கு அனுப்பினாங்களாம். அங்க மெடிகேர்னு பெரியவங்களுக்கான அரசாங்கக் காப்பீட்டுல அதுக்கு 100 நாள் வரைக்கும் உண்டாம், முதல் 20 நாளுக்குக் கையில இருந்து காசே வேண்டாமாம். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினது என் தப்பு. அம்மா கேட்டுட்டு, "நர்சிங் ஹோமா? அதுல எதுக்குடி? ஒன்னப் பெத்ததே நர்சிங் ஹோம்லதான"ன்னாங்க. நமக்கு நர்சிங் ஹோம்னா பிரசவ ஆஸ்பத்திரிதான! அவன் சொல்ற எடம் வேறன்னு வெளக்கினதும் மூஞ்சி மாறிடுச்சு. "முதியோர் இல்லம்னு நேராச் சொல்ல வேண்டியதுதான"ன்னு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாங்க.

இன்னொண்ணு, ஆபரேஷன் ஆன ராத்திரியும் அடுத்த ராத்திரியும் அம்மா அம்மாவாவே இல்ல. போர்வையக் கிள்ளிக் கிள்ளி எடுத்துட்டு, "வளையம் கொட்டிடுச்சு, பொறுக்கு, பொறுக்கு, கணக்கு கொறஞ்சா சேட்டு திட்டுவான்"னு விடிய விடியச் சொல்லிட்டே இருந்தாங்க. 40 வருஷம் சம்மணம் போட்டு உக்காந்து, சாமணத்துல கொலுசு வளையம் கோத்த கை. நான் பயந்து அழுதுட்டேன். இப்பப் பகல்ல தெளிவா இருக்காங்க, சாயங்காலம் மட்டும் கொஞ்சம் தடுமாறுது. இதோட ஒரு புது எடத்துல விட்டா என்ன ஆகும்?

மூணு வழி தெரியுது. ஒண்ணு, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் மாடியில படுக்க வெச்சு ஆள் போடறது. 24 மணி நேர ஆளுக்கு மாசம் 22,000 கேக்கறாங்க, சாப்பாடு நம்மளது, பிசியோ தனி. ரெண்டு, டவுனுக்குள்ள பெரியவங்கள வெச்சுப் பாக்கற ஒரு எடம், பிசியோவோட மாசம் 38,000. மூணு, ஏற்காட்டுல ஒண்ணு, 30,000, போட்டோவுல சொர்க்கம் மாதிரி இருக்கு, சில்வர் ஓக் மரம், ரோஜாத் தோட்டம். தம்பி ஏற்காட்டுலயே நிக்கறான், நல்ல காத்து, சீக்கிரம் தேறிடுவாங்கன்னு.

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. சொந்தக்காரங்க வாய்க்கு பயந்து முடிவெடுக்கக் கூடாதுன்னு இருக்கேன். ஆனா பயமாத்தான் இருக்கு.

கொங்குச் சிங்கம் எழுதியது:

பத்து மாசம் சுமந்தவள ஆறு வாரம் வெச்சுப் பாத்துக்க முடியலையா? நம்ம ஊர்ல இந்தப் பழக்கம் எப்ப வந்துச்சு? எங்க அப்பாயி ரெண்டு வருஷம் படுத்த படுக்கை, எங்க வீட்டுலதான் பாத்தோம்.

மல்கோவா எழுதியது:

சிங்கம் அண்ணா, அந்த ரெண்டு வருஷம் அள்ளிக் கொட்டினது யாரு, நீங்களா உங்க அம்மாவா?

சூரமங்கலத்தான் எழுதியது:

அம்மா தாயே, ஏற்காடு வேண்டாம். மத்தது எதுவா இருந்தாலும் அப்புறம் பேசலாம்.

எங்க அப்பா 81 வயசுல கார்த்திகை மாசம் விழுந்தார். அவருக்குப் பந்து மாத்தல, தொடை எலும்புக்குள்ள ராடு வெச்சாங்க. நானும் உங்க தம்பி மாதிரியேதான் நினைச்சேன். சின்ன வயசுல அப்பா எங்களை வருஷா வருஷம் ஏற்காடு கூட்டிட்டுப் போவார், ஏரிக்கரையில மொளகா பஜ்ஜி வாங்கித் தருவார், சேர்வராயன் கோயில் வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போவார். அந்த ஊர்ல போய் அவர் தேறட்டும்னு ஆசை. எடம் பேர் சொல்ல மாட்டேன், இப்ப இருக்கா இல்லையான்னும் பாக்கல.

முதல்ல குளிர். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஒசரம், மார்கழியில பத்து மணி வரைக்கும் பனி கலையாது. வெயில்லயே வளந்த மனுஷன், கம்பளிக்குள்ள இருந்து தலையை வெளிய நீட்ட மாட்டேன்னுட்டார். நடக்கச் சொன்னா "வெயில் வரட்டும்"பார். வெயில் வந்தா சாப்பாட்டு நேரம். சாப்பிட்டா தூக்கம். மலையில சமதளம் ஏது? அறையில இருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒம்பது படி எறக்கம், அப்புறம் சரிவா ஒரு கல் பாதை. அதனால சாப்பாடு அறைக்கே வந்துடும். ஆக நடை எங்க?

அப்புறம் அந்த 20 கொண்டை ஊசி வளைவு. ஆபரேஷன் செஞ்ச டாக்டர் கீழ இருக்கார். தையல் பிரிக்க ஒரு தடவை, எக்ஸ்ரே எடுக்க ஒரு தடவை, நடுவுல காய்ச்சல்னு ஒரு தடவை. ஒவ்வொரு வளைவுக்கும் கார் கதவுல இடிச்சுக்கிட்டு "ஐயோ"ம்பார். மூணாவது தடவை அடிவாரம் வர்றதுக்குள்ள வாந்தி எடுத்துட்டார். நாங்க பாக்கப் போறதும் கொறஞ்சு போச்சு. தினமும் போறேன்னு சொன்னவன் ஞாயித்துக்கிழமை மட்டும் போனேன். ஞாயித்துக்கிழமை அந்த ரோட்டுல டூரிஸ்ட் வண்டி நெரிசல் தெரியும்ல.

மூணாவது வாரம் ஒண்ணு பாத்தேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதறேன். அப்பாவோட வாக்கர் கட்டில் பக்கத்துல நிக்குது. அதை நகத்தலாம்னு தூக்கினேன். நாலு காலுக்கும் அடியில ரப்பர் புஷ் இருக்கும் பாருங்க, அது கடையில வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு. வரி வரியா இருக்கற அச்சு கூட அழியல. ஒரு ரப்பர்ல விலை ஸ்டிக்கரோட ஓரம் ஒட்டிட்டு இருக்கு. தினமும் ரெண்டு வேளை நடக்க வைக்கறோம்னு போன்ல சொன்னாங்க. மூணு வாரம் நடந்த வாக்கரோட ரப்பரா அது?

வேட்டியை விலக்கிப் பாத்தா, முதுகுத்தண்டு முடியற எடத்துல ஒரு ரூபா அகலத்துக்குச் செவந்து தோல் உரிஞ்சிருக்கு. பகல் முழுக்க டயப்பர். கேட்டா "வசதிக்காக சார்"னாங்க. யார் வசதிக்கு? அன்னிக்கே கீழ கூட்டிட்டு வந்துட்டேன். அந்தப் புண்ணு ஆற மூணரை மாசம் ஆச்சு. அப்பா அப்புறம் வாக்கர் இல்லாம நடக்கவே இல்ல.

தப்பு அவங்களோடது மட்டும்னு சொல்ல மாட்டேன். நான் தோட்டத்தைப் பாத்தேன், கக்கூஸைப் பாக்கல. ராத்திரி எத்தனை பேர் டூட்டின்னு கேக்கல. அதனால நீங்க எந்த எடத்துக்குப் போனாலும் ஏற்கனவே அங்க இருக்கறவங்களோட வாக்கர் அடியைப் பாருங்க. அட்மிஷன் ரூம்ல சிரிக்கற பொண்ணு சொல்லாததை அந்த ரப்பர் சொல்லும்.

பிசியோ தங்கச்சி எழுதியது:

அக்கா, நான் சேலத்துலதான் பிசியோவா வேலை பாக்கறேன், எட்டு வருஷம் ஆச்சு. எந்த எடத்துக்கும் ஆள் புடிக்கறவ இல்ல, அதனால தைரியமாப் படிக்கலாம். சூரமங்கலம் அண்ணன் சொன்ன ரப்பர் விஷயம் எனக்கே புதுசு, நாளைக்கு வார்டுல பாக்கறேன்.

உங்க அம்மாவுக்கு நல்ல விஷயம் என்னன்னா ஆபரேஷன் சீக்கிரம் ஆயிடுச்சு, மறுநாளே நின்னுட்டாங்க. பந்து மாத்தினவங்களுக்குப் பெரும்பாலும் முழு எடையும் காலை ஊனி நடக்கலாம், ஆனா உங்க டாக்டர் வாயால அதைக் கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதி வாங்கிக்கோங்க. எழுதலைன்னா போற எடத்துல "எதுக்கு வம்பு"ன்னு படுக்க வெச்சுடுவாங்க. ரத்தம் உறையாம இருக்க ஊசியோ மாத்திரையோ எத்தனை நாளைக்குன்னும் கேளுங்க, நிறைய பேர் வீட்டுக்குப் போனதும் தானா நிறுத்திடறாங்க. கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ எங்க இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இப்ப அம்மாவுக்கு வலிக்கப்போற ஒரு சேதி. சம்மணம் கூடாது. குத்த வைக்கறது, கால் மேல கால் போடறது, தாழ்வான மோடாவுல உக்கார்றது எதுவும் கூடாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல மடங்கக் கூடாதும்போம், அதாவது உக்காந்தா முட்டி இடுப்பைவிட ஒசரத்துல இருக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்கறப்ப ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி. மீறினா பந்து கழண்டுக்க வாய்ப்பு இருக்கு. எத்தனை மாசம் இப்படின்னு டாக்டர் சொல்வார், ஆபரேஷனை எந்தப் பக்கமாச் செஞ்சாங்கங்கறதைப் பொறுத்து மாறும். வீட்டுக்குப் போறப்ப ஒசரமான கமோடு சேர் இல்லாம போகாதீங்க. கட்டில் தாழ்வா இருந்தா நாலு காலுக்கும் மரக்கட்டை வெச்சு ஒசத்துங்க.

ராத்திரி வளையம் பொறுக்கினது பைத்தியமும் இல்ல, மறதி நோய் ஆரம்பிச்சதுன்னும் இப்பவே சொல்ல முடியாது. இந்த வயசுல பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படிக் குழம்பறது ரொம்ப சகஜம், டெலிரியம்னு பேர். சிறுநீர்ல கிருமி, மலச்சிக்கல், சோடியம் கொறையறது, சர்க்கரை ஏறி எறங்கறது, தூக்கமின்மை, வலி, எது வேணா இதைக் கெளப்பி விடும். அதனால டிஸ்சார்ஜுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துட்டாங்களான்னு கேளுங்க. கண்ணாடி போடறவங்களா? போட்டு விடுங்க. எதிர்ல கடிகாரம், பகல்ல ஜன்னல் வெளிச்சம், தெரிஞ்ச மொகம். புது எடத்துக்கு மாத்தினா ரெண்டு மூணு நாள் திரும்பக் குழம்பலாம், அந்த ராத்திரிகள்ல நீங்களோ தம்பியோ கூடத் தங்க விடுவாங்களான்னு முன்னாடியே பேசுங்க. கையைக் கட்டிப் போடற எடம்னா திரும்பிப் பாக்காம வந்துடுங்க.

எங்க வைக்கறதுன்னு கேட்டீங்க. எனக்கு உங்க பதிவுல முக்கியமாப்பட்டது அந்த 17 படிதான். இப்ப மாடிக்குத் தூக்கிட்டுப் போனா அம்மா மாடியிலயே ஆறு மாசம் மாட்டிக்குவாங்க, நான் பாத்த வீடுகள்ல அப்படித்தான் நடந்துச்சு. ஆறு வாரத்துல படி ஏறப் பழக்கித் தரக்கூடிய எடம் டவுனுக்குள்ள இருந்தா அங்க விடுங்க. சும்மா பாத்துக்கற எடம்னா 38,000 தண்டம். போய்க் கேக்கறப்ப "பிசியோ உண்டா"ன்னு கேட்டா எல்லாரும் உண்டும்பாங்க. "வாரத்துல எத்தனை நாள், எத்தனை நிமிஷம், பிசியோ பேர் என்ன, அவர் வர்றப்ப நான் வந்து நிக்கலாமா, பழக்கறதுக்குப் படி எங்க இருக்கு"ன்னு கேளுங்க. சொல்லாம கொள்ளாம சாயங்காலம் நாலு மணிக்குப் போங்க. அந்நேரத்துக்கு எல்லாரும் கட்டில்லயே படுத்திருந்தா அது படுக்க வைக்கற எடம். மூத்திர நெடி அடிக்குதா, மணி அடிச்சா எவ்வளவு நேரத்துல ஆள் வருதுன்னு பாருங்க. கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் பதிவுச் சான்று இருக்கான்னும் கேளுங்க, தமிழ்நாட்டுல அந்தச் சட்டம் 1997-லயே வந்தாச்சு. சிகிச்சை குடுக்கறோம்னு சொல்ற எடத்துக்கு அது வேணும்.

படி ஏறுறப்ப நல்ல கால் முதல்ல, எறங்கறப்ப ஆபரேஷன் ஆன கால் முதல்ல. இதை இப்பவே அம்மாவுக்கு மனப்பாடம் பண்ண வைங்க. வலி மாத்திரைய பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னாடி குடுக்கச் சொல்லுங்க, பயிற்சி முடிஞ்சப்புறம் குடுத்து என்ன புண்ணியம்? அப்புறம் முட்டை, பருப்பு, மீனு. கஞ்சியும் ரசஞ்சாதமும் குடுத்துட்டே இருந்தா தொடையில சதை எங்கிருந்து வரும்?

கடைசியா ஒண்ணு. நின்ன எடத்துல இருந்து விழுந்ததுக்கே எலும்பு ஒடஞ்சிருக்குன்னா எலும்பு தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கு வைத்தியம் தனியா உண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை போடற ஊசியெல்லாம் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சதும் எல்லாரும் அதை மறந்துடறாங்க, அடுத்து இன்னொரு பக்கம் ஒடயறப்பதான் ஞாபகம் வருது. டாக்டர்கிட்ட நீங்களாக் கேளுங்க. கண்ணுல புரை இருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க.

பாலிசி படிப்பவன் எழுதியது:

பணம் பற்றி ஒருவரும் பேசவில்லை, எனவே சுருக்கமாக. உங்கள் அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இருந்தால், அதில் விலக்குகள் பகுதியில் எக்ஸ்க்ளூஷன் 05 என்று ஒன்று இருக்கும். ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்பு சார்ந்த தங்கல் அது. குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், நடமாட உதவுதல் போன்றவற்றுக்காக வீட்டிலோ நர்சிங் வசதியுள்ள இடத்திலோ ஆகும் செலவைக் காப்பீடு தராது என்று அதில் எழுதியே இருக்கும். இந்த வரியைப் படிக்காமல் பில்லை அனுப்பிவிட்டுச் சண்டை போடுபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று தனியாக ஒரு பிரிவு உண்டு, பல பாலிசிகளில் 60 நாள். டாக்டர் சீட்டில் பிசியோதெரபி இத்தனை நாள் என்று எழுதியிருந்தால், பிசியோவின் பில்லையும் மருந்து பில்லையும் அதில் கேட்கலாம். அதனால் அந்த இடத்தில் 38,000-ஐ ஒரே வரியில் போட்டுத் தராமல், தங்கலுக்குத் தனி, பிசியோவுக்குத் தனி என்று பிரித்து ரசீது கேளுங்கள்.

70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு விரிவாக்கம் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருக்கும் சிகிச்சைக்கானது. ஆறு வாரம் தங்குவதற்கு அதை நம்ப வேண்டாம். உங்கள் உறவினர் சொன்ன மெடிகேர் 100 நாளும் கூட சும்மா கிடைப்பதல்ல. அங்கே மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும், 21-ஆம் நாளிலிருந்து தினசரி ஒரு தொகை கட்ட வேண்டும், வெறும் பராமரிப்புக்கு அதிலும் தர மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு, 2021 முதல் நடக்கிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

பட்டறைவீட்டுப் பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. ஏற்காடு கேன்சல். தம்பிக்கு சூரமங்கலம் அண்ணன் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல, எழுந்து போய் டீ குடிச்சுட்டு வந்து "டவுன்லயே பாரு"ன்னுட்டான். நேத்து நாலு மணிக்குச் சொல்லாமப் போனேன். ஆறு பேர் கூடத்துல உக்காந்து டிவி பாத்துட்டு இருந்தாங்க, ஒரு தாத்தா பேரல் பார்னு ரெண்டு பக்கமும் இருக்கற கம்பியப் புடிச்சு நடந்துட்டு இருந்தார். வாக்கர் அடியையும் பாத்தேன், குனிஞ்சு பாக்கறப்ப அங்க இருந்த ஆயா "என்னம்மா தொலச்சுட்டே"ன்னு கேட்டுது. ரப்பர் தேஞ்சுதான் இருக்கு.

இனி அம்மாகிட்ட சொல்லணும். அதுதான் முடியல. எப்படி ஆரம்பிக்கறது?

குகை மாமியார் எழுதியது:

கண்ணு, நான் கேக்கற பக்கத்துல இல்ல, விழுந்த பக்கத்துல இருந்து சொல்றேன். எனக்கும் இதே கால்தான், ரெண்டு வருஷம் ஆச்சு. என் பசங்க "கொஞ்ச நாள் இருங்கம்மா"ன்னாங்க. அந்தக் கொஞ்ச நாள்தான் என்னைக் கொன்னுச்சு. கொஞ்ச நாள்னா எத்தனை? கட்டில்ல படுத்துட்டு ஓட்டை எண்ணறவளுக்குக் கொஞ்ச நாளும் ஆயுசு முழுக்கவும் ஒண்ணுதான். நீ தேதி சொல்லு. ஒரு தினசரி காலண்டர் வாங்கி, வீட்டுக்கு வர்ற தேதியில பேனாவால பெருசா எழுதி அவங்க கண்ணுக்கு எதிர்ல மாட்டு. தினமும் அவங்க கையாலயே கிழிக்கட்டும். அந்தத் தேதியில எந்தக் காரணம் சொல்லியும் தள்ளிப் போடாத. முன்னாடி வேணா கூட்டிட்டு வா.

அப்புறம் அவங்க பூட்டு சாவி, சுருக்குப்பை, தலகாணி உறை எல்லாம் கூடவே குடுத்து அனுப்பு. வீட்டுல இருக்கற அவங்க கட்டிலை எடுத்து மடக்கிடாத. யாராவது சொல்லிடுவாங்க.

சூரமங்கலத்தான் எழுதியது:

குகை அம்மா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. தினமும் போங்க, ஒரே நேரத்துக்குப் போகாதீங்க.

பட்டறைவீட்டுப் பொண்ணு எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எப்படி இருக்காங்கன்னு நாலஞ்சு பேர் தனியாக் கேட்டிருந்தீங்க.

அம்மா வீட்டுல இருக்காங்க. காலண்டர்ல 42-வது தாள்ல எழுதி மாட்டினோம், 38-வது நாளே வந்துட்டாங்க. அவங்களாத்தான் கெளம்பினாங்க, "படிய ஏறிக் காமிச்சுட்டேன், இன்னும் எதுக்கு ஒக்காத்தி வெச்சுருக்கீங்க"ன்னு.

எல்லாம் நல்லா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். முதல் மூணு ராத்திரி நான் தரையில படுத்தேன், ரெண்டாவது ராத்திரி திரும்ப வளையம் பொறுக்கினாங்க. பத்தாவது நாள் ராத்திரி டயப்பர் போட்டு விட்டுருக்காங்க, ஆள் பத்தலையாம். அம்மா காலையில அதைக் கழட்டி நர்ஸ் மேசை மேலயே வெச்சுட்டாங்க. நான் போறதுக்குள்ள பெரிய பஞ்சாயத்து. அதுக்கப்புறம் ராத்திரி ரெண்டு தடவை எழுப்பிக் கமோடுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அதுக்கும் சண்டை, தூக்கம் கெடுதுன்னு. பில்லுல கையுறை, பஞ்சு, "இதர"ன்னு மாசம் நாலாயிரம் ஏறிடுச்சு. பாலிசி அண்ணன் சொன்ன மாதிரி பிசியோவைப் பிரிச்சுத்தான் வாங்கினேன், கிளெய்ம் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.

எது அவங்களை நடக்க வெச்சுதுன்னு கேட்டா, மூணாவது வாரம் பட்டறையில இருந்து கால் கிலோ வளையமும் சாமணமும் கொண்டு போய்க் குடுத்தேன். ஒசரமான நாற்காலி, முன்னாடி மேசை, தாம்பாளத்துல வளையம். முதல்ல "மேசையில வெச்சுக் கோத்தா கொலுசா வரும்?"னாங்க. அப்புறம் பிசியோ பையன் ஒரு தந்திரம் பண்ணினான். தாம்பாளத்தைக் கூடத்துக்கு அந்தக் கோடியில வெச்சுட்டான், வேணும்னா நடந்து வந்துதான் கோக்கணும். அதுவரைக்கும் பத்து எட்டுக்கே வலிக்குதுன்னவங்க, வளையத்துக்காக நாளைக்கு நாலு தடவை அங்கயும் இங்கயும் போய் வந்தாங்க. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் கோக்கக் கத்துக் குடுத்து, அவங்க கோத்ததைப் பிரிச்சு திரும்பக் கோத்து, ஒரே ரகளை. வளையம் பொறுக்கற கனவு அதோட நின்னுச்சு. எனக்குக் காரணம் தெரியல, பிசியோ தங்கச்சிதான் சொல்லணும்.

வீட்டுல படிக்கு ரெண்டு பக்கமும் பைப் கைப்பிடி அடிச்சுட்டோம். வந்த அன்னிக்கு 17 படியையும் ஏற 11 நிமிஷம் ஆச்சு, திருப்பத்துல நின்னு தண்ணி குடிச்சாங்க. பின்னாடி தம்பி வாக்கரைத் தூக்கிட்டு வந்தான், அடியில வலது பக்க ரப்பர் மட்டும் சப்பையாத் தேஞ்சு கம்பி தெரியுது. புதுசு மாத்த நாலு ரப்பர் 120 ரூபா.

மேல மேற்கத்திக் கக்கூஸ் வெச்சாச்சு. அதனால கமோடு சேர் ஒண்ணு சும்மா இருக்கு, ஒரு மாசம்கூட ஓடல, உட்கார்ற எடத்தை ஒசத்தி எறக்கலாம். சேலத்துல யாருக்காவது வேணும்னா தனியா எழுதுங்க, காசு வேண்டாம், வந்து எடுத்துக்கணும், மாடியில இருந்து நீங்கதான் எறக்கணும்.